ஒற்றை விதையின் நீட்சி: ஆல்ப்ஸ் மலைக் குடும்பங்களும் கொர்னலின் செம்மதுவும்

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில், ரோன் ஆறு பனிப்பாறையில் தோன்றி ஜெனீவா ஏரியைச் சேரும் வரை ஓடும் மலைப் பள்ளத்தாக்கைத் தன் எல்லையாகக் கொண்ட மாநிலம் வாலே. அந்நாட்டின் திராட்சை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இம்மாநிலத்தில் உள்ளது. அந்தப் பரப்பிலும் சுமார் 150 ஹெக்டேரில், அதாவது ஏறக்குறைய 370 ஏக்கரில் மட்டும், கொர்னலின் என்னும் கருந்திராட்சை பயிராகிறது. உலகில் வேறெங்கும் அது குறிப்பிடத்தக்க அளவில் விளைவதில்லை. அந்தத் திராட்சையிலிருந்து, பெரும்பாலும் தந்தையும் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து நடத்தும் சிறு நிலவறைகளில், ஆண்டுக்குச் சில நூறு அல்லது சில ஆயிரம் பாட்டில்களாக வடிக்கப்படும் செம்மதுவே இவ்வுரையின் பொருள்.

அரிய ஒயின் என்றதும் ஏலக்கூடங்களும் செல்வர்களின் சேமிப்பறைகளும் நினைவுக்கு வருவது வழக்கம். கொர்னலினின் அருமை அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது விலையால் அரிதாக்கப்பட்ட பொருளன்று. ஒருமுறை ஏறக்குறைய அழிந்துபோய், சில குடும்பங்கள் கைவிடாமல் வைத்திருந்த காரணத்தால் மட்டும் பிழைத்து, இன்றும் அத்தகைய குடும்பங்களின் உழைப்பையே நம்பி நிற்கும் பயிர். ஒரு பயிர் வகையின் வாழ்வும் சாவும் எதனால் தீர்மானிக்கப்படுகின்றன என்னும் கேள்விக்கு இத்திராட்சையின் வரலாறு தெளிவான விடை தருவதால், மது அருந்துவோர்க்கும் அருந்தாதோர்க்கும் இது ஒருங்கே பயன்படும் வரலாறாகும்.

இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள, திராட்சைக் கொடி இனம் பெருகும் முறையை முதலில் அறிய வேண்டும். திராட்சைப் பழத்தின் விதையை மண்ணிலிட்டால் கொடி முளைக்கும்; ஆனால் அது தாய்க்கொடியைப் போல இருப்பதில்லை. பழத்தின் நிறமும் சுவையும் முதிரும் பருவமும் மாறிவிடும். ஆகவே ஒரு வகையை அதன் குணம் மாறாமல் காக்க விரும்பும் உழவர், கவாத்துச் செய்யும்போது கிடைக்கும் முற்றிய தண்டை வெட்டி நட்டோ, வளைத்து மண்ணில் பதியனிட்டோ, வேறொரு வேர்ச்செடியின்மேல் ஒட்டுக் கட்டியோதான் பெருக்க இயலும். இன்று வாலேயில் நிற்கும் கொர்னலின் கொடிகள் அனைத்தும், பல நூற்றாண்டுகளுக்கு முன் எங்கோ ஒரு தோட்டத்தில் முளைத்த ஒரே விதையின் நீட்சியே ஆகும். தண்டு வெட்டி நடும் செயல் ஒரு தலைமுறைக் காலம் எங்கும் நடைபெறாமல் நின்று, இருக்கும் கொடிகளும் முதிர்ந்து பட்டுப்போனால், அந்த வகை உலகை விட்டே மறையும். அதே பெற்றோர்க் கொடிகளைச் சேர்த்து மீண்டும் விதைத்தாலும் அது திரும்பி வாராது. நெல்லையோ தினையையோ போல விதைக் குதிரில் இட்டுக் காக்கக்கூடிய பயிரன்று இது.

அந்தக் கொடி நிற்கும் நிலத்தின் இயல்பும் அறியத்தக்கது. வாலே பள்ளத்தாக்கின் வடக்கிலும் தெற்கிலும் 4000 மீட்டரைத் தொடும் அல்லது தாண்டும் சிகரங்கள் சுவர்போல் எழுந்து மழை மேகங்களைத் தடுப்பதால், ஆல்ப்ஸின் நடுவே இருந்தும் அது வறண்ட நிலமாகவே உள்ளது. சியோன், சியேர் ஆகிய நகரங்களைச் சுற்றி ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. மலைமுகட்டைக் கடந்து கீழிறங்கும்போது அழுத்தத்தால் சூடேறி உலரும் ஃபோன் என்னும் காற்று, இலையுதிர் காலத்திலும் பழங்களை முதிரச் செய்கிறது. வலக்கரைச் சரிவுகள் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பதால் நாள் முழுதும் வெயில் பெறுகின்றன. இவ்வளவு வெயிலும் வறட்சியும் இல்லாவிடில், தாமதமாக முதிரும் இயல்புடைய கொர்னலின் இம்மலை நாட்டில் பழுத்திருக்க வாய்ப்பில்லை.

சரிவு நிலத்தில் மண் தங்குவதற்கும் நீர் ஏறுவதற்கும் மனிதர்கள் இரண்டு கட்டுமானங்களை உண்டாக்கினர். முதலாவது, சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லடுக்கி எழுப்பிய தாங்குசுவர்கள். இச்சுவர்களே சரிவைப் படிப்படியான தட்டுகளாக மாற்றுகின்றன. சாந்து இல்லாமையால் மழைநீர் கல்லிடுக்குகள் வழியே வடிந்து, சுவரின் பின்புறம் நீரழுத்தம் சேர்வது தவிர்க்கப்படுகிறது. பகலில் வெயிலை உண்ட கற்கள் இரவில் அவ்வெப்பத்தைக் கொடிகளுக்குத் திருப்பித் தருகின்றன. சாந்தில்லாக் கற்கட்டுக் கலையை, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எட்டு நாடுகளின் பொது மரபாக யுனெஸ்கோ 2018இல் தன் பட்டியலில் சேர்த்தது.

இரண்டாவது, பிஸ் என்று பிரெஞ்சு மொழி பேசும் மக்களும், சுவோன் என்று ஜெர்மன் மொழி பேசும் மக்களும் வழங்கும் மலைவாய்க்கால். பனிப்பாறை உருகி வரும் ஓடைகளிலிருந்து நீரைத் திருப்பி, பல கிலோமீட்டர் தூரம் மெல்லிய சாய்வில் கொண்டுவந்து, தோட்டங்களுக்கும் புல்வெளிகளுக்கும் பகிர்ந்தளிப்பது இதன் பணி. செங்குத்தான பாறைகளில் மரக்கட்டைகளைச் செருகி, அவற்றின்மேல் மரத்தொட்டிகளைத் தொங்கவிட்டு நீரைக் கடத்திய இடங்களும் உண்டு. சாவியேஸ் ஊருக்கு நீர் கொணர்ந்த, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாய்க்கால் அத்தகையது. வாய்க்காலின் ஓரிடத்தில் சிறு நீர்ச்சக்கரம் ஒன்றைப் பொருத்தி, அது சுழலும்போதெல்லாம் ஒரு மரச் சுத்தியல் பலகையைத் தட்டுமாறு அமைத்திருந்தனர். தட்டொலி கேட்கும் வரை நீர் ஓடுகிறது என்றும், ஒலி நின்றால் மேலே எங்கோ கரை உடைந்தது என்றும் வாய்க்கால் காவலர் அறிந்துகொள்வார். எந்தக் குடும்பத்திற்கு எத்தனை நேரம் நீர்முறை என்பது, குடும்ப அடையாளங்கள் செதுக்கிய மரக்கோல்களில் பதிவு செய்யப்பட்டது. ஊரே கூடி வாய்க்காலைத் தூர்வாரும் கடமையும், முறைப்படி நீர் பெறும் உரிமையும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையால், இம்மலைகளில் ஒரு குடும்பத்தின் தோட்டம் என்பது ஊரின் கூட்டுழைப்பில்லாமல் நிலைத்ததில்லை.

இந்நிலத்தில் திராட்சையின் தொன்மைக்கு எழுத்துச் சான்றுகள் உண்டு. அனிவியே பள்ளத்தாக்கைச் சேர்ந்த 1313ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்று, உமாஞ், ரேஸ் ஆகிய திராட்சை வகைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஐரோப்பாவில் திராட்சை வகைகளைப் பெயரிட்டுச் சொல்லும் மிகப் பழைய பதிவுகளுள் அது ஒன்று. அதில் நெய்ரன் என்னும் கருந்திராட்சையும் இடம்பெறுகிறது. எனினும் அதுவே இன்றைய கொர்னலின் என்று கொள்வதற்குச் சான்றில்லை. கொர்னலின் என்னும் பெயரும் அதற்குப் பிற்காலத்தில்தான் வந்தது. அதற்குமுன் 'நாட்டுச் சிவப்பு' என்று பொருள்படும் ரூஜ் தியு பேயி என்றே உழவர்கள் அதை அழைத்தனர். பெயர் சுட்டிக் கூற வேண்டாத அளவுக்கு அது அவர்களுக்கு உள்ளூர்ப் பயிராக இருந்தது.

ஆயினும் அதன் பிறப்பிடம் வாலே அன்று என்பதை 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உறுதி செய்தது. சுவிஸ் தாவரவியலாளர் ஜோசே வுயாமோ, டொமினிக் மேய்க்ர், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கரோல் மெரிடித் ஆகியோர் அவ்வாய்வை நிகழ்த்தினர். அவர்கள் கையாண்டது மைக்ரோசாட்டலைட் முறை. உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. இழையின் சில இடங்களில் ஒரே சிறு துணுக்கு அடுத்தடுத்துப் பலமுறை திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்னும் எண்ணிக்கை வகைக்கு வகை மாறும். ஒவ்வோர் இடத்திலும் கொடிக்கு இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. ஆகவே பல இடங்களில் இந்த அளவுகளை எடுத்து ஒப்பிட்டால், எந்த இரு வகைகளின் சேர்க்கையில் மூன்றாவது வகை பிறந்தது என்பதைப் பெரும் உறுதியோடு கூற முடியும். அவ்வாறு ஒப்பிட்டபோது, கொர்னலினின் பெற்றோர் பெத்தி ரூஜ், மாயோலே என்னும் இரு வகைகள் என்பது தெரியவந்தது. அவ்விரண்டும் இத்தாலியின் வடமேற்கு மூலையிலுள்ள ஆவோஸ்தா பள்ளத்தாக்கிற்கு உரியவை.

ஆவோஸ்தாவையும் வாலேயையும் பிரிப்பதும் இணைப்பதும் 2469 மீட்டர் உயரத்திலுள்ள பெரிய சென் பெர்னார் கணவாய் ஆகும். உரோமானியப் படைகள் கடந்த வழி அது; 11ஆம் நூற்றாண்டு முதல் துறவியர் விடுதி ஒன்று வழிப்போக்கர்க்குப் புகலிடம் அளித்த வழியும் அதுவே. வணிகரும் துறவியரும் குடிபெயர்ந்தோரும் அந்த மலைவழியே கடந்து சென்றபோது, கட்டாகக் கட்டி ஈரத்துணியில் சுற்றினால் பல நாள் வாடாத திராட்சைத் தண்டுகளும் அவர்களோடு கடந்திருக்க வேண்டும். பின்னர் நிகழ்ந்தது வியப்புக்குரியது. பிறந்த மண்ணாகிய ஆவோஸ்தாவில் இக்கொடி மறைந்தது. புகுந்த மண்ணாகிய வாலேயில் நிலைத்தது. மறைவதற்குமுன் அது ஆவோஸ்தாவில் ஒரு சந்ததியையும் ஈன்றிருந்தது. அந்தச் சந்ததி ஆவோஸ்தாவில் கொர்னலின் என்று வழங்கியது. அதுவும் அங்கே அழிவின் விளிம்பிற்கு வந்த காலத்தில், வாலேயில் உமாஞ் ரூஜ் என்னும் வேறு பெயரில் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு பயிர் வகை ஒரே இடத்தில் மட்டும் இருப்பின் எவ்வளவு எளிதாக அழியும், எல்லை கடந்து சில கைகளில் சிதறி இருப்பின் எவ்வாறு தப்பும் என்பதற்குத் தாயும் சேயுமாகிய இவ்விரு வகைகளே போதிய சான்று.

வாலேயிலும் கொர்னலினுக்கு ஆபத்து நேர்ந்தது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது ஃபில்லாக்சரா. அமெரிக்காவிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்கு வந்து, வேர்களில் தங்கிச் சாற்றை உறிஞ்சி, கண்டத்தின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்களை அழித்த நுண்பூச்சி அது. 1874இல் ஜெனீவாவை எட்டிய அது, மலையரண் காரணமாக வாலேயை 1906இல்தான் அடைந்தது. அதைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளின்மேல் ஒட்டுக் கட்டி எல்லாத் தோட்டங்களையும் புதிதாக நட வேண்டிய நிலை ஏற்பட்டபோது, எந்த வகையை நடுவது என்னும் தேர்வு தவிர்க்க முடியாததாயிற்று. இரண்டாவது காரணம் சந்தை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த இருப்புப்பாதை வாலேயின் ஒயினைப் பெருநகரங்களுக்குக் கொண்டு சென்றது. அந்நகரங்கள் கேட்டவை ஷாஸ்லா என்னும் வெண்திராட்சையின் மதுவும், பினோ நுவார், காமே ஆகியவற்றைக் கலந்து வடித்த டோல் என்னும் சிவப்பு மதுவுமே. மூன்றாவது காரணம் கொர்னலினின் சொந்தக் குணம். ஓராண்டு நிரம்பக் காய்த்து மறு ஆண்டு ஏமாற்றும் இயல்பு, தாமதமான முதிர்ச்சி, மக்னீசியக் குறையால் எளிதில் தாக்கப்படும் தன்மை, கொத்தின் காம்பு வாடிப் பழம் கெடும் சிக்கல், மிகச் சிறந்த சரிவு நிலத்தை மட்டுமே ஏற்கும் பிடிவாதம் ஆகிய அனைத்தும் அதைக் கடினமான பயிராக்கின. கூலியையும் வருவாயையும் கணக்கிட்ட உழவர் அதைப் பிடுங்கிவிட்டு வேறு வகையை நட்டதில் குறை காண இயலாது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது பழைய தோட்டங்களின் ஓரங்களில் சில கொடிகளாகக் குறுகியிருந்தது.

அவ்வாறு எஞ்சிய கொடிகளுள் ஒன்று லொய்க் என்னும் சிற்றூரில் இன்றும் உயிரோடு உள்ளது. 1798ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கணிக்கப்பட்டுள்ள அக்கொடி, சுவிட்சர்லாந்தின் மிகப் பழைய திராட்சைக் கொடியாகக் கருதப்படுகிறது. அது நடப்பட்ட அதே ஆண்டில்தான் பிரெஞ்சுப் படைகள் சுவிட்சர்லாந்தினுள் புகுந்தன. படையெடுப்பையும் ஃபில்லாக்சராவையும் சந்தையின் புறக்கணிப்பையும் கடந்து அக்கொடி நிலைத்திருக்கக் காரணம், ஒவ்வொரு குளிர்கால இறுதியிலும் யாரோ ஒருவர் அதற்குக் கவாத்துச் செய்ததே. அதன் தண்டுகளிலிருந்து புதிய கொடிகள் பெருக்கப்பட்டுள்ளமையால், அதன் வழித்தோன்றல்கள் இன்று இளங்கொடிகளாகவும் காய்க்கின்றன.

மீட்சி 1970களில் தொடங்கியது. வேளாண் ஆய்வு நிலையத்தாரும் சில உழவர்களும் பழைய தோட்டங்களில் நோயற்ற கொடிகளைத் தேடித் தேர்ந்து, அவற்றிலிருந்து தண்டெடுத்துப் பெருக்கினர். 1972இல், 'நாட்டுச் சிவப்பு' என்னும் பொதுப்பெயருக்கு மாற்றாக, ஆவோஸ்தாவில் அழிந்ததாகக் கருதப்பட்ட வகையின் கொர்னலின் என்னும் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. அது சேயின் பெயரைத் தாய்க்கு இட்ட செயல் என்பதை அன்று எவரும் அறியார். மரபணு ஆய்வு வந்த பின்னரே அக்குழப்பம் தெளிந்தது. ஆவோஸ்தாவிலும் இணையான முயற்சி நடந்தது. பெரிய சென் பெர்னார் துறவியர் பங்கேற்று 1951இல் தொடங்கிய வேளாண் பள்ளி, அப்பள்ளத்தாக்கின் பழைய வகைகளைத் தேடிப் பயிரிட்டுக் காத்தமையால், கொர்னலினின் பெற்றோர் வகைகள் இன்றும் அங்கே விளைகின்றன.

சிறு குடும்ப நிலவறை ஒன்றில் இந்த ஒயின் உருவாகும் முறையை அளவுகளோடு காண்பது பயன் தரும். குடும்பச் சொத்து தலைமுறைதோறும் பிள்ளைகளிடையே சமமாகப் பிரிந்து வந்ததால், வாலேயில் ஒருவரது நிலம் ஒரே இடத்தில் இராமல், வெவ்வேறு சரிவுகளில் சிறு துண்டுகளாகக் கிடப்பது இயல்பு. அத்தகைய 1000 சதுர மீட்டர் துண்டு ஒன்றில், தரம் கருதிக் காய்ப்பைக் குறைத்தால் ஏறத்தாழ 1000 கிலோ பழம் கிடைக்கும். அதிலிருந்து 800 பாட்டில் அளவே ஒயின் வரும். அதற்காகக் குளிர்கால இறுதியில் கவாத்து, வசந்தத்தில் வேண்டாத தளிர் கிள்ளுதல், கோடையில் கொடிகளைக் கம்பியில் கட்டுதல், பழம் நிறம் மாறும் பருவத்தில் மிகுதியான கொத்துகளை வெட்டித் தரையில் போடுதல் ஆகிய அனைத்தும் கையாலேயே நடைபெற வேண்டும். உழுபொறி ஏற முடியாத தட்டுகளில் மருந்துத் தெளிப்பும் கூடை சுமத்தலும் மனித உழைப்பையே சார்ந்தவை. மழைக்குச் சுவர் சரிந்தால், குளிர்காலத்தில் கற்களைப் பொறுக்கி மீண்டும் அடுக்குவதும் அக்குடும்பத்தின் பணியே.

அறுவடை பெரும்பாலும் அக்டோபரில், பினோ நுவார் வெட்டி முடிந்த பின் நடைபெறும். காம்பு நீக்கிய பழங்கள் தோலோடு தொட்டியில் நொதிக்கின்றன. ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக மாற்றும்போது, தோலிலுள்ள நிறமும் டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளும் சாற்றில் இறங்குகின்றன. மேலே மிதந்து எழும் தோல் அடுக்கை நாள்தோறும் அமிழ்த்தி நனைக்காவிடில் நிறம் குன்றும், புளிப்பு நோயும் பற்றும். அடுத்து, கூர்மையான மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாகப் பாக்டீரியாக்கள் மாற்றும் இரண்டாம் நொதித்தல் நிகழ்கிறது. பின்னர் எஃகுத் தொட்டியிலோ ஓக் மரப்பீப்பாயிலோ பல மாதங்கள் தெளியவிட்டுப் பாட்டிலில் அடைக்கின்றனர். ஊதா விளிம்பு கொண்ட ஆழ்சிவப்பு நிறமும், புளிச்செர்ரிப் பழத்தையும் கிராம்பையும் ஒத்த மணமும், இளமையில் சற்று முரடாயிருந்து சில ஆண்டுகளில் இணங்கும் துவர்ப்பும் நல்ல கொர்னலினின் அடையாளங்களாகக் கூறப்படுகின்றன. காய்ப்பைக் குறைக்காமல் பேராசைப்பட்டு வடித்த ஒயினில் இவை எவையும் இருப்பதில்லை.

இவ்வகை உழவுக்கு ஒரு பொது வரையறையும் உண்டு. மலைத் திராட்சை உழவைக் காப்பதற்காக 1987இல் ஆவோஸ்தாவில் நிறுவப்பட்ட செர்விம் என்னும் அமைப்பு, 30 விழுக்காட்டிற்கு மேற்பட்ட சரிவு, 500 மீட்டருக்கு மேற்பட்ட உயரம், படித்தட்டு நிலம் முதலிய தடைகளோடு செய்யப்படும் உழவைத் தனி வகையாகக் கொண்டு, அதற்கு 'வீர உழவு' என்று பெயரிட்டுள்ளது. புகழ்ச்சி போலத் தோன்றும் அப்பெயரின் பின்னே கடுமையான கணக்கு உள்ளது: சமவெளித் தோட்டத்தைவிடப் பல மடங்கு உழைப்பு, பல மடங்கு செலவு, குறைந்த விளைச்சல். சுவிட்சர்லாந்தில் விளையும் ஒயினில் மிகச் சிறு பகுதியே ஏற்றுமதியாவதால், கொர்னலின் வெளிநாட்டுச் சந்தையை நம்பி வாழவில்லை; நிலவறைக் கதவைத் தட்டி வந்து வாங்கிச் செல்லும் உள்நாட்டு வாடிக்கையாளரை நம்பியே வாழ்கிறது. இதைப் பெரு நிறுவனமொன்று இலாபக் கணக்குப் பார்த்து நடத்துமாயின், முதல் மோசமான ஆண்டிலேயே கைவிடும்.

இன்று புதிய இடர்களும் உள்ளன. வெப்பநிலை உயர்வு, தாமதமாக முதிரும் கொர்னலினுக்கு ஒருவகையில் துணை செய்கிறது. ஆனால் கொடிகள் முன்கூட்டியே தளிர்ப்பதால், பின்வரும் உறைபனிக்கு அவை இரையாகின்றன. 2017 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் நேர்ந்த உறைபனி வாலேயின் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. வாய்க்கால்களுக்கு நீரளிக்கும் பனிப்பாறைகள் சுருங்கி வருவது, நெடுங்கால நோக்கில் இன்னும் பெரிய கவலை. இவற்றுக்கு மேலாக, சரிவில் கூடை சுமக்கும் வாழ்வை அடுத்த தலைமுறை ஏற்குமா என்பது ஒவ்வொரு சிறு குடும்பத்தின் முன்னும் நிற்கும் கேள்வி.

அரசும் ஆய்வகமும் சேமிப்புத் தோட்டங்களில் சில கொடிகளைக் காத்து வைக்கலாம். அது தேவையான பணி, ஆனால் போதுமான பணியன்று. எந்தச் சரிவில் நட வேண்டும், எத்தனை கொத்து விட வேண்டும், எந்த நாளில் வெட்ட வேண்டும் என்னும் அறிவு, ஆண்டுதோறும் செய்து பார்ப்பவர் கையில் மட்டுமே வாழ்கிறது. பயிரைச் செய்வோரும் அதை விலை கொடுத்து வாங்குவோரும் இல்லாத நிலையில், சேமிப்புத் தோட்டத்துக் கொடி வெறும் மாதிரிப் பொருளாகிவிடும். ஆகவே மரபுப் பயிரைக் காக்க விரும்பும் எந்த நாட்டினரும், அதை விளைவிக்கும் சிறு குடும்பம் அந்நிலத்திலேயே நிலைத்து வாழ்வதற்கு உரிய விலையையும், நீருக்கும் சுவருக்கும் வேண்டிய பொது உதவியையும் முதலில் உறுதி செய்ய வேண்டும். ஏழு நூற்றாண்டு எழுத்துச் சான்றுடைய ஒரு திராட்சை நாட்டில், நாட்டுச் சிவப்பு என்று பெயர் பெற்ற பயிரே ஒரு தலைமுறைக்குள் அழிவின் விளிம்பைத் தொட்டது என்றால், எந்த நாட்டின் எந்த மரபுப் பயிரும் தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்று எவரும் எண்ணியிருத்தல் ஆகாது.